மழைமானி காட்டும் பூஜ்ஜியம்: நோக்கரின் கண்ணும் தானியங்கி உணரியும்

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வழக்கமாக ஒரு குழப்பம் வரும். தானியங்கி வானிலை நிலையத்தின் இணையப் பக்கம் 41 மி.மீ. என்று காட்டியிருக்கும். அதே வளாகத்துக்கான தினசரி அறிக்கையில் 46 மி.மீ. என்று இருக்கும். கைப்பேசிச் செயலியோ அந்த நேரம் முழுக்க ‘லேசான மழை’ என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கும். இந்த எண்கள் உதாரணத்துக்காகச் சொன்னவை. இந்த மாதிரி வித்தியாசம் வருவது சகஜம். பார்க்கிறவர்களுக்கு உடனே எழும் சந்தேகம், யாரோ கணக்கைத் திருத்திவிட்டார்கள் என்பது.

பெரும்பாலும் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். ஒரு எண்ணைக் கருவி தானாக எண்ணியது. இன்னொன்றை நோக்கர், அதாவது வானிலையை நேரில் பார்த்துப் பதிவு செய்பவர், அளவுக்குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்தார். அளந்தது ஒரே மழையைத்தான் என்றாலும், இரண்டும் தவறுகிற விதம் வேறு. எது எங்கே தவறும் என்று தெரிந்துகொண்டால், ஓர் எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று நாமே சொல்லிவிடலாம். குறிப்பாக ஓர் எண் பற்றிப் பேச வேண்டும்: பூஜ்ஜியம். மழைப் பதிவுகளில் அதிகமாக ஏமாற்றுவது அதுதான் என்பது என் கருத்து.

## ‘மழை அளவு’ என்ற சொல்லுக்குள் நான்கு கேள்விகள்

வானத்திலிருந்து நீராகவோ பனியாகவோ தரைக்கு வந்து சேரும் எல்லாவற்றையும் சேர்த்துப் ‘பொழிவு’ என்பார்கள். மழை, தூறல், பனிப்பொழிவு, ஆலங்கட்டி எல்லாம் இதில் அடங்கும். 1 மி.மீ. மழை என்றால், விழுந்த நீர் ஓடாமலும் வற்றாமலும் நின்றால் தரைமேல் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்.

பொழிவைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு:

1. இப்போது பெய்கிறதா, இல்லையா?
2. பெய்வது என்ன? தூறலா, மழையா, பனியா, ஆலங்கட்டியா, உறைமழையா? உறைமழை என்பது 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடிபோல் உறைந்துபோகும் மழை.
3. எவ்வளவு வேகமாகப் பெய்கிறது? மணிக்கு இத்தனை மி.மீ. என்று சொல்லும் இந்த வேகத்தைச் ‘செறிவு’ என்பார்கள்.
4. மொத்தத்தில் எவ்வளவு பெய்தது?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல மனிதக் கண்ணுக்கு ஒரு நொடி போதும். மூன்றாவது கேள்வி மனிதருக்குக் கஷ்டம், கருவிக்குச் சுலபம். நான்காவதை இருவரும் செய்வார்கள், ஆனால் ஒரே மாதிரி செய்ய மாட்டார்கள். ‘மனிதரா, கருவியா, யார் துல்லியம்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

## நோக்கர் செய்யும் வேலை

எல்லா இடத்திலும் ஒரே அளவுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கும் யோசனை பழையது. கொரியாவில் மன்னர் செஜோங் காலத்தில், 1440களின் தொடக்கத்தில், ஒரே மாதிரியான மழைமானிகள் நாடு முழுக்க வைக்கப்பட்டன. இன்றைக்கும் சாதாரண மழைமானியின் அடிப்படை அதேதான்: மேலே கூர்மையான விளிம்புள்ள புனல், கீழே நீர் சேரும் பாத்திரம்.

நுட்பம் இருப்பது அளவுக்குவளையில். அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பயன்படும் 8 அங்குல மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்குழாயின் பரப்பு, புனல் வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதனால் 1 மி.மீ. மழை குழாய்க்குள் 10 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். கண்ணால் பிரித்தறிய முடியாத அளவு, பத்து மடங்காகப் பெரிதாகித் தெரிகிறது.

நோக்கர் குறித்த நேரத்துக்கு வருகிறார். புனலைக் கழற்றுகிறார். நீரைச் சிந்தாமல் குவளைக்கு மாற்றுகிறார். குவளைக்குள் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு, கீழிருந்து பார்த்தால் ஓர் அளவு வரும். படித்ததை அங்கேயே எழுதிக்கொள்கிறார், ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அறைக்குப் போய் எழுதுவதில்லை. பிறகு புனலில் இலை, தூசி, பூச்சி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து மறுபடி பொருத்துகிறார்.

இத்தனையும் செய்யும்போதே அவர் வேறு நாலு விஷயங்களையும் கவனித்துவிடுகிறார். மேற்கே மேகம் திரள்கிறது, தொலைவில் மழைத்தாரை தொங்குகிறது, ஆனால் தரையைத் தொடவில்லை, இடி கேட்டது, விழுவது மழையில்லை, சின்னச் சின்ன ஆலங்கட்டி. இவை எதுவும் குவளையில் இல்லை. எல்லாம் நோக்கர் அங்கே நிற்பதால் கிடைப்பவை.

## கருவிகள் எப்படி அளக்கின்றன

தானியங்கி நிலையங்களில் பரவலாக இருப்பது டிப்பிங் பக்கெட், அதாவது கவிழும் வாளி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் 17-ஆம் நூற்றாண்டிலேயே இப்படியொரு மழைமானியை உருவாக்கியிருந்தார். சீசா பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு சின்ன வாளி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புனலிலிருந்து வரும் நீர் ஒரு வாளியில் நிரம்புகிறது. குறித்த அளவு வந்ததும் பலகை சாய்ந்து அந்த வாளி கவிழ்கிறது. மறுமுனை வாளி புனலுக்கு நேரே வந்து நிற்கிறது. ஒவ்வொரு கவிழ்வுக்கும் ஒரு மின்துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் மழை.

ஒரு கவிழ்வு 0.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. விட்டமுள்ள புனலுக்கு அது 6 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமான நீர். ஒரு தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்தச் சின்ன அளவுக்குள்தான் அதன் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. எடை மழைமானி: பாத்திரத்தில் சேர்வதைத் தொடர்ந்து எடை போட்டுக்கொண்டே இருக்கும். பனி விழுந்தாலும் அளக்கும். குளிர் நாடுகளில் பாத்திரத்துக்குள் உறையாத திரவமும், ஆவியாகாமல் தடுக்க மேலே மெல்லிய எண்ணெய்ப் படலமும் இருக்கும்.
2. ஒளி உணரி: ஒளிக்கற்றையைக் கடக்கும் துளிகளை வைத்துப் பெய்வது என்ன என்று ஊகிக்கும். லேசர் துளிமானி இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு துளியின் அகலத்தையும் வேகத்தையும் அளக்கும். 5 மி.மீ. துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். பனித்துகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மிதந்து இறங்கும். வேகமும் அளவும் தெரிந்தால் வகையைச் சொல்லிவிடலாம்.
3. அதிரும் தண்டு: உறைமழைக்கானது. அமெரிக்க நிலையங்களில் உள்ள தண்டு நொடிக்கு 40,000 தடவை அதிரும். அதன்மேல் பனி படியப் படிய எடை கூடி அதிர்வெண் குறையும். குறைவை வைத்து எவ்வளவு படிந்தது என்று கணக்கிடலாம்.

## கருவி தவறும் இடங்கள்

டிப்பிங் பக்கெட்டையே கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம்.

கனமழையில் அது குறைத்துக் காட்டும். வாளி கவிழ்வதற்கு ஏறக்குறைய அரை நொடி ஆகும். அந்த நேரத்தின் முதல் பாதியில் விழும் நீர், ஏற்கெனவே நிரம்பிய வாளிக்குள்ளேயே போய் அதோடு கொட்டிவிடும், கணக்கில் வராது. மணிக்கு 200 மி.மீ. வேகத்தில் பெய்தால் 3.6 நொடிக்கு ஒரு கவிழ்வு. அதில் கால் நொடி நீர் கணக்கில் விட்டுப்போனால் இழப்பு சுமார் 7 சதவீதம். வேகம் கூடக் கூட இழப்பும் கூடும். உலக வானிலை அமைப்பு அங்கீகரித்த ஒரு நிமிடச் சாதனை 31.2 மி.மீ., அமெரிக்காவின் யூனியன்வில்லில் 1956 ஜூலை 4-இல் பெய்தது. அதை 0.2 மி.மீ. வாளியால் அளக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 156 தடவை கவிழ வேண்டும். ஒரு கவிழ்வு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். பல கருவிகளில் இதற்கான திருத்தம் மென்பொருளிலேயே உண்டு. திருத்தம் இல்லாத கருவியும் ஏராளம்.

தொடக்கத்தில் சொன்ன 41, 46 வித்தியாசத்துக்கு ஒரு விளக்கம் இதுவே. கவிழ்வுக்குத் தப்பிய நீர் எங்கும் காணாமல் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் சாதாரண மழைமானியில் அது அப்படியே நிற்கிறது. அதனால்தான் கவனமாக நடத்தப்படும் நிலையங்களில் தானியங்கிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியையும் வைப்பார்கள். எப்போது எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பதைத் தானியங்கியிடம் கேட்டு, மொத்தத்தைச் சாதாரண மழைமானியிடம் கேட்பார்கள்.

இன்னொரு விளக்கம் தேதி. நோக்கர் காலையில் அளக்கிறார். அவருடைய ‘ஒரு நாள்’ முந்தின காலையிலிருந்து இந்தக் காலை வரை. இணையப் பக்கம் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டியிருந்தால், நேற்று மாலை பெய்த மழை ஒரு பட்டியலில் நேற்றைய தேதியிலும் மற்றதில் இன்றைய தேதியிலும் இருக்கும். கருவியும் சரி, நோக்கரும் சரி. ஒப்பிட்டவர்தான் கூட்டுத்தொகையின் நேரத்தைப் பார்க்கவில்லை.

தூறலில் தவறு வேறு மாதிரி. 0.15 மி.மீ. தூறல் விழுந்தால் வாளி கவிழாது. பதிவில் பூஜ்ஜியம். வாளியில் தேங்கிய நீர் வெயிலில் வற்றிவிடும். அல்லது மிச்சமிருந்து, மூன்று நாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் கவிழ்வைச் சீக்கிரம் வரவைக்கும். தூறல் பெய்த நாளுக்குக் கணக்கு இல்லை, வேறொரு நாளின் பேரில் அது ஏறிவிட்டது. மறுபுறம், விடியற்காலையில் புனலில் படிந்த பனித்துளிகள் திரண்டு வாளிக்குள் இறங்கினால், மேகமே இல்லாத நாளில் ‘0.2 மி.மீ. மழை’ பதிவாகும்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு அடைப்பு. ஓர் இலை புனலின் துளையை மூடிக்கொள்கிறது. அல்லது பறவை எச்சம், குளவிக்கூடு, சிலந்தி வலை. வெளியே கொட்டோ கொட்டென்று மழை கொட்டும்; கருவி பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். மழை நின்ற பிறகு புனலில் தேங்கிய நீர் மெல்லக் கசிந்து, பல மணி நேரம் நீளும் இல்லாத தூறலாகப் பதிவாகும். தகவல் போய்க்கொண்டிருப்பதால் கருவி வேலை செய்வதாகவே மையத்தில் தோன்றும். பழுதான வெப்பமானி பெரும்பாலும் நம்ப முடியாத எண்ணைக் காட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பழுதான மழைமானி காட்டுவது உலகத்திலேயே நம்பத்தகுந்த எண்ணை. பெரும்பாலான இடங்களில், பெரும்பாலான நேரம் மழை பெய்வதில்லைதானே.

‘மழை இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் இரண்டு வேறு செய்திகள். ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்காருவதைத் தடுக்க, பக்கத்து நிலையங்களோடும் ரேடார் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் தரச்சோதனை வேண்டும். அதற்குமேல், யாராவது ஓர் ஆள் அவ்வப்போது போய்ப் புனலைத் துடைத்துவிட்டு வரவும் வேண்டும். ‘ஆளில்லா நிலையம்’ என்ற பெயர் இந்த வேலையை மறக்கடித்துவிடுகிறது.

## நோக்கர் தவறும் இடங்கள்

கருவியின் குறையைச் சொன்னால் மனிதர் துல்லியமானவர் என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 1890 முதல் முறையாக நடந்துவரும் கூட்டுறவு நோக்கர் திட்டத்தின் மழைப் பதிவுகளை ஆராய்ந்து, 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. அது இரண்டு பழக்கங்களைக் கண்டுபிடித்தது. ஒன்று, 0.05 அங்குலத்துக்குக் குறைவான சிறு மழைகள் நிறைய விடுபட்டிருந்தன. இன்னொன்று, ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு வரை படிக்க வேண்டிய இடத்தில் 5, 10, 15, 20 என்று முடியும் எண்கள் அளவுக்கு மீறி இருந்தன. கண் அளவுகோலின் பெரிய கோடுகளுக்கே போகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் செய்கிறோம்.

இங்கேயும் பூஜ்ஜியம் வருகிறது. நோக்கர் ஊரில் இல்லாத நாளில் பட்டியலில் எழுதப்பட்டது வெற்றிடமா, பூஜ்ஜியமா? இரண்டு நாள் மழை மூன்றாம் நாள் மொத்தமாக அளக்கப்பட்டதா? பழைய பதிவுப் புத்தகங்களை ஆய்வு செய்கிறவர்களுக்கு இது தீராத தலைவலி.

மனித அளவையின் தடுமாற்றத்துக்குத் தெளிவான ஒரு சம்பவம் 2016 ஜனவரியில் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. வாஷிங்டனின் ரேகன் விமான நிலையத்துக்கு 17.8 அங்குலம் என்று பதிவானது. வாஷிங்டனுக்கான இன்னொரு விமான நிலையமான டல்லஸில் 29.3 அங்குலம். ரேகனில் பனியின் உயரத்தை அளக்க வைத்திருந்த பலகை, பனிக்குள்ளேயே புதைந்து காணாமல் போயிருந்தது தெரியவந்தது. தேசிய வானிலைச் சேவை பனி அளக்கும் முறைகளை ஆராய ஒரு குழுவையே அமைத்தது. புதுப்பனியின் உயரத்தைப் பலகையில் அளப்பது அங்கே மனிதர் கையிலேயே இருந்தது. புயலுக்கு நடுவே வெளியே போய் நின்று அளந்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## காற்று இருவரையும் ஏமாற்றும்

மழைமானியே காற்றுக்கு ஒரு தடை. அதன் வாய்மேல் காற்று எழும்பி வளைந்து போகும்போது இலேசான துளிகளையும் பனித்துகள்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பனியில் இந்த இழப்பு பாதிக்கு மேலும் போகும். இதற்காகவே ஆய்வு மையங்களில் எண்கோண வடிவில் இரட்டை வேலி கட்டுவார்கள்: வெளிவேலி 12 மீட்டர் விட்டம், உள்வேலி 4 மீட்டர், நடுவே மழைமானி. அதில் கிடைப்பதுதான் ஒப்பீட்டுக்கான அளவு. மழைக்கு, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி குழிக்குள் பதித்த மழைமானிகளை ஒப்பீட்டுக்கு வைப்பார்கள்.

இப்படிக் குழி மழைமானிகளை வைத்து உலக வானிலை அமைப்பு 2007 முதல் 2009 வரை இத்தாலியின் வின்யா டி வாலேயில் பலவகைக் கருவிகளைத் திறந்த வெளியில் ஒப்பிட்டது. நன்றாகத் திருத்தம் செய்யப்பட்ட கவிழும் வாளிகளும் எடை மழைமானிகளும் செறிவைச் சரியாகச் சொன்னன. நீரைப் பிடிக்காமல் ஒளி முதலியவற்றை வைத்து அளக்கும் கருவிகள் பின்தங்கின. நவீனம் என்பதும் துல்லியம் என்பதும் ஒன்றில்லை.

## ஒரே எண், இரண்டு அகராதி

மனிதரும் கருவியும் ஒரே விஷயத்தைப் பார்ப்பதில்லை என்பதை உலக வானிலை அமைப்பே தன் குறியீடுகளில் ஒப்புக்கொண்டிருக்கிறது. தற்போதைய வானிலையை இரண்டு இலக்கத்தில் அனுப்ப மனித நோக்கர்களுக்கு 4677 என்ற அட்டவணை. தானியங்கிகளுக்கு 4680 என்ற வேறு அட்டவணை.

65 என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள். நோக்கர் அனுப்பினால் ‘விடாமல் பெய்யும் கனமழை’. தானியங்கி அனுப்பினால் ‘மிதமான உறைமழை’. மழை விட்டு விட்டுப் பெய்கிறதா, விடாமல் பெய்கிறதா என்பதற்கு மனித அட்டவணை தனித்தனி எண் தருகிறது. கருவியின் அட்டவணையில் விட்டு விட்டுப் பெய்யும் மழைக்குத் தனி எண் கிடையாது, திடீர் மழையோடு சேர்த்து ஒரே எண்தான். அதற்குப் பதில், மனித அட்டவணையில் இல்லாத ஒன்று அங்கே உண்டு: 40, அதாவது ‘பொழிவு’. ஏதோ விழுகிறது, என்னவென்று தெரியவில்லை. ஒரு மனிதருக்கு இப்படியோர் எண் தேவைப்படாது.

எந்த அட்டவணையில் படிக்க வேண்டும் என்பதை அதே செய்தியில் இன்னோர் இலக்கம் சொல்லும். அதைப் பார்க்காமல் பழைய தரவுகளைக் கணினியில் கொட்டிக் கணக்குப் போட்டால், கனமழை உறைமழையாகிவிடும்.

## விமான நிலையத்தில் இதன் விளைவு

விமானிகளுக்கான வானிலைச் செய்தியை மெட்டார் என்பார்கள். மனிதர் யாரும் பார்க்காமல் போன செய்தியில் ‘ஆட்டோ’ என்ற சொல் இருக்கும். அமெரிக்கச் செய்திகளில் கூடவே ‘ஏஓ1’ அல்லது ‘ஏஓ2’ என்றும் இருக்கும். ஏஓ2 என்றால் மழையையும் பனியையும் பிரித்தறியும் உணரி உண்டு. ஏஓ1 என்றால் இல்லை. ஏஓ1 நிலையத்தின் செய்தியில் மழை பற்றி ஒன்றும் இல்லையென்றால், மழை இல்லை என்று அர்த்தமில்லை. சொல்லும் திறன் அந்த நிலையத்துக்கு இல்லை, அவ்வளவுதான். சர்வதேச முறையில், உணரி தற்காலிகமாகப் பழுதானால் அந்த இடத்தில் இரண்டு சாய்கோடுகள் ‘//’ வரும். வெற்றிடமும் சாய்கோடும் ஒன்றல்ல.

1990களில் அமெரிக்காவில் பரவிய தானியங்கி அமைப்பின் ஒளி உணரி அகச்சிவப்புக் கற்றையைப் பயன்படுத்துகிறது. கற்றையைக் கடக்கும் துகள்களின் நிழல் மினுக்கத்தில் நொடிக்கு 75 முதல் 250 வரையிலான அலைவு மேலோங்கினால் பனி. 1,000 முதல் 4,000 வரையில் மேலோங்கினால் மழை. இரண்டும் கலந்து குழம்பினால் ‘யூபி’, அதாவது அறியப்படாத பொழிவு. தூறலையும் ஆலங்கட்டியையும் தனியாக இனங்காண இந்த உணரியால் முடியாது. தூறல் என்றால் 0.5 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள துளிகள். உறைநிலைக்குக் கீழே அவையே இறக்கையில் பனியாகப் படியும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் முக்கியமான விமான நிலையங்களில் தானியங்கி செய்தியைப் பார்த்துத் திருத்தவும் சேர்க்கவும் ஓர் ஆள் இருக்கிறார்.

ஆனால் நோக்கரின் கண்ணே வழி தவறவைத்த இடமும் விமான நிலையத்தில்தான் இருக்கிறது. பனிப்பொழிவின் கடுமையைப் பழைய முறையில் பார்வைத் தூரத்தை வைத்துத் தீர்மானிப்பார்கள். அமெரிக்க விதிப்படி அரை மைலுக்கு மேல் தெரிந்தால் லேசான பனி, கால் மைலும் அதற்குக் கீழும் என்றால் கடும்பனி. இறக்கையில் தெளிக்கும் பனிநீக்கத் திரவம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான அட்டவணையும் இதைச் சார்ந்தே இருந்தது. ஆனால் திரவத்தை நீர்த்துப்போக வைப்பது விழுந்த பனியின் நீரளவு. பார்வைத் தூரம் அதற்குச் சரியான அளவுகோல் இல்லை. ஈரம் நிறைந்த கனத்த துகள்கள் குறைவாக விழும்போது தூரத்தில் உள்ளது நன்றாகத் தெரியும், நீர் மட்டும் நிறைய இறங்கும். இரவில் விளக்குகளைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்கும்போது நிலைமை இன்னும் நல்லதாகத் தோன்றும்.

1992 மார்ச் 22 இரவு, நியூயார்க் லாகார்டியாவிலிருந்து யூஎஸ்ஏர் 405 விமானம் பனிப்பொழிவில் கிளம்பியது. கடைசியாகப் பனி நீக்கி சுமார் 35 நிமிடம் ஆகியிருந்தது. இறக்கையில் மறுபடி பனி படிந்திருந்தது. விமானத்தில் இருந்த 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். அந்த 35 நிமிடத்தில் எவ்வளவு நீர் விழுந்தது என்பதுதான் அங்கே தேவைப்பட்ட கேள்வி. நிமிடத்துக்கு நிமிடம் எடை போடும் மழைமானி அதற்குப் பதில் சொல்லும், கண் சொல்லாது. இந்த ஒரு வேலையில் கருவியைத் தயங்காமல் முன்னே நிறுத்த வேண்டும் என்பேன்.

## எண்ணிக்கையும் ஒரு துல்லியம்தான்

உலகில் 20 செ.மீ. புனலுள்ள மழைமானிகள் ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனை புனல் வாய்களையும் ஒட்டிப் பரப்பினால் 3,140 சதுர மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட இல்லை. பூமியின் மொத்த மழையையும் நாம் தரையில் நேராகத் தொட்டு அளப்பது இவ்வளவு சின்ன வாய் வழியாகத்தான்.

1997 ஜூலை 28-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பகுதியில் சில மணி நேரத்தில் ஓர் அடிக்கும் மேல் மழை கொட்டியது. அதே நகரின் மற்ற பகுதிகளில் சாதாரண மழைதான். வெள்ளத்தில் 5 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட கோகோராஸ் என்ற தன்னார்வ நோக்கர் வலையமைப்பு வீட்டுத் தோட்டங்களில் 4 அங்குல மழைமானிகளை வைக்கச் சொன்னது. ஆலங்கட்டிக்கு அவர்கள் வைப்பது அலுமினியத் தாள் சுற்றிய ஒரு நுரைப் பலகை. கட்டி விழுந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளத்தின் அகலத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து அளவைச் சொல்லலாம். விலையுயர்ந்த ஒரு நிலையம் சொல்லாததை இப்படிச் சிதறி நிற்கும் சாதாரண மனிதர்கள் சொல்கிறார்கள்.

## கருவி மாறிய ஆண்டு

இதுவரை சொன்னது அன்றன்றைய பயன்பாடு. காலநிலை ஆய்வில் கேள்வி வேறு: ஐம்பது ஆண்டுகளில் மழை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

நடுவில் ஓர் ஆண்டில் நோக்கர் போய்த் தானியங்கி வந்திருந்தால், அந்த ஆண்டிலிருந்து சில மாற்றங்கள் மழையே மாறாமல் தோன்றும். நோக்கர் அளக்க முடியாத அளவுக்குச் சொற்பமான மழையைத் ‘துளி’ என்ற குறியோடு எழுதிவைப்பார், 0.2 மி.மீ. வாளியில் அது பூஜ்ஜியம், அதனால் தூறல் நாட்கள் திடீரென்று குறையும். திருத்தப்படாத வாளியாக இருந்தால் கனமழை நாட்களின் அளவும் குறையும். நோக்கர் சோம்பலால் விட்ட 1 மி.மீ. மழைகளைக் கருவி விடாமல் எண்ணுவதால் சின்ன மழை நாட்கள் சில இடங்களில் கூடவும் செய்யும். ஆலங்கட்டி நாட்கள் பட்டியலிலிருந்தே மறைந்துபோகலாம்.

இதற்கு மருந்து ஒன்றுதான், அது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உலகக் காலநிலை நோக்கு அமைப்பின் கண்காணிப்பு நெறிகள், பழைய முறையும் புதிய முறையும் போதுமான காலம் ஒன்றாக ஓட வேண்டும் என்கின்றன. புதுக் கருவி வந்த அன்றே பழைய மழைமானியைப் பிடுங்கி எடுக்காமல், இரண்டையும் ஒரே வளாகத்தில் நிறுத்தி, கனமழை, தூறல், காற்று எல்லாம் அடங்கும் அளவுக்கு எல்லாப் பருவங்களிலும் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்துக்கு நோக்கரும் இருக்க வேண்டும், கருவியும் இருக்க வேண்டும். சம்பளமும் பராமரிப்புச் செலவும் இரட்டிப்பாகும். சிக்கனம் என்று முதலில் வெட்டப்படுவது இந்தக் காலம்தான். வெட்டிவிட்டால், அந்த ஆண்டில் வரைபடத்தில் தெரியும் பள்ளம் வானத்தில் நடந்ததா, புனலுக்குள் நடந்ததா என்று பிற்பாடு பிரித்துச் சொல்ல ஒப்பீட்டு அளவு எதுவும் கையில் இருக்காது.